திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு: மூன்று சபைகள் கூடும் வீட்டிலிருந்து ஒரு மதிப்புரை

பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடைக்குப் போய்த் தமிழ் வேதாகமம் வேண்டும் என்று கேட்டபோது, கடைக்காரர் எழுத்தின் அளவையோ அட்டையின் நிறத்தையோ விசாரிக்கவில்லை, "ஆர்.சி.யா, நம்ம பைபிளா?" என்றுதான் கேட்டார். ஆர்.சி. என்றால் ரோமன் கத்தோலிக்கம். நான் சி.எஸ்.ஐ. என்னும் புராட்டஸ்டண்டு சபையில் ஞானஸ்நானம் பெற்று வளர்ந்தவன். என் மனைவி தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரொன்றில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். என் தம்பி பத்து ஆண்டுகளுக்கு முன் பெந்தெகொஸ்தே சபை ஒன்றில் சேர்ந்து, குழந்தைப் பருவத்தில் தெளிக்கப்பட்ட தண்ணீர் செல்லாது என்று சொல்லி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டவன். ஆகவே 'நம்ம' என்ற சொல்லுக்குள் எங்கள் வீட்டில் யாரெல்லாம் அடங்குவார்கள் என்று யோசித்துக்கொண்டே, இரண்டு தரப்பினரும் சேர்ந்து மொழிபெயர்த்த பொது மொழிபெயர்ப்பைக் கேட்டு வாங்கினேன். இரண்டு ஆண்டுகளாக அதைப் பழைய மொழிபெயர்ப்போடு பக்கத்துக்குப் பக்கம் வைத்து வாசித்த பிறகே இதை எழுதுகிறேன்.

வாங்கியதற்குக் காரணம் இலக்கிய ஆர்வம் அன்று. என் அம்மா இறந்த முப்பதாம் நாளுக்கு, கத்தோலிக்கக் கோயில் வழிபாடான திருப்பலி ஒன்றை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று மனைவி விரும்பினார். அத்தைக்காக அதையாவது செய்யக் கூடாதா என்பது அவர் கேள்வி. இறந்தவர்களுக்காக ஜெபிப்பது வேதத்தில் இல்லை என்று என் சித்தி மறுத்தார். தம்பியோ இவ்விரண்டையும் தாண்டி, அம்மா இரட்சிக்கப்பட்டிருந்தாரா என்று கேட்டான். ஐம்பது ஆண்டுகள் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போன ஒரு பெண்ணைப் பற்றி, அவர் பிள்ளையே கேட்ட கேள்வி அது. அன்றிரவு மூவரும் மூன்று புத்தகங்களைத் திறந்து வசனம் காட்டினார்கள். ஒருவர் 'மீட்பு' என்றார், மற்றவர் 'இரட்சிப்பு' என்றார். ஒருவர் 'நம்பிக்கை' என்றார், மற்றவர் 'விசுவாசம்' என்றார். ஒரே பொருளைச் சொல்லுகிறார்களா, வெவ்வேறு பொருளையா என்பதே விளங்காத நிலையில் சண்டை மட்டும் தெளிவாக நடந்தது.

இந்த மொழிபெயர்ப்பின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1714, 1715 ஆகிய ஆண்டுகளில் அங்கேயே அச்சானது. அதன்பின் பப்ரிசியுஸ், பாளையங்கோட்டை ரேனியுஸ் என்று பலர் கைபட்டு, ஹென்றி பவர் என்ற மிஷனரியின் தலைமையிலான குழு 1871-இல் முடித்த திருத்தமே இன்று புராட்டஸ்டண்டு வீடுகளில் 'பழைய மொழிபெயர்ப்பு' என்ற பெயரில் வழங்குகிறது. ஒவ்வொரு திருத்தமும் சண்டையோடுதான் வந்தது. ரேனியுஸ் பழைய சொற்களை மாற்றியபோது தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். கத்தோலிக்கர் தனிச் சொற்களோடு தனியே நடந்து வந்தனர். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் பிரிந்த சபையாரோடு சேர்ந்து மொழிபெயர்க்க வழி திறந்துவிட்டது. அதன் தமிழ் விளைச்சல்தான் 1995-இல் வெளியான இந்தத் திருவிவிலியம்.

கையில் எடுத்தவுடன் தெரியும் முதல் வேறுபாடு, இது வாசகனைத் தனியே விடுவதில்லை என்பது. ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரை இருக்கிறது, பகுதிகளுக்குத் தலைப்பு இருக்கிறது, அடிக்குறிப்புகள் உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் ரோமருக்கு எழுதின நிருபம் என்று தலைப்பைப் போட்டவுடன் பவுல் பேசத் தொடங்கிவிடுவார். யாருக்கு, ஏன் என்று நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும். தலைப்புகள் வாசிப்பை எளிதாக்குகின்றன என்றாலும், எந்தத் தலைப்பும் ஒரு விளக்கம்தான் என்பதை மறக்கக் கூடாது. தாளைப் பொறுத்தவரை, எல்லா வேதாகமங்களையும் போல இதுவும் மெல்லிய தாள்தான். சிவப்பு மையால் அடிக்கோடு இடும் பழக்கமுள்ள என் தம்பி போன்றவர்கள் மறுபக்கத்தை நினைத்துக்கொள்வது நல்லது.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். பழைய மொழிபெயர்ப்பின் 'இரட்சிப்பு', காத்தல் என்னும் பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்தது. புதியதன் 'மீட்பு' நமக்கு அன்றாடம் தெரிந்த சொல். அடகு வைத்த நகையை வட்டி கட்டி மீட்கிறோம். காப்பது ஒரு கணத்தில் நடந்து முடியக்கூடியது. கிணற்றில் விழுந்தவனைத் தூக்கிவிட்டால் அவன் காப்பாற்றப்பட்டவன்தான். மீட்பிலோ நகை முன்னமே நம்முடையது என்ற எண்ணமும், இடையில் கைமாறிப் போனது என்ற எண்ணமும், ஒருவர் விலை கொடுத்தார் என்ற எண்ணமும் சேர்ந்து வருகின்றன. தம்பியின் சபையில் இரட்சிக்கப்பட்ட தேதியைச் சாட்சி சொல்லும்போது கூறுவார்கள். மீட்கப்பட்ட தேதி என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எந்தத் தேதியில் என்று கேட்கும் பழக்கத்துக்குச் சொல்லும் ஓரளவு உடந்தையாக இருக்கிறது என்றே நினைக்கிறேன். அம்மாவுக்கு அப்படி ஒரு தேதி இல்லை. அவர் நினைவு தெரிந்த நாள் முதல் ஜெபித்துக்கொண்டிருந்தவர்.

'நம்பிக்கை' என்ற சொல்லை மட்டும் என்னால் முழு மனத்தோடு ஏற்க முடியவில்லை. பழைய மொழிபெயர்ப்பு விசுவாசத்தையும் நம்பிக்கையையும் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது. விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று கொரிந்தியருக்கு எழுதியதில் வரும் மூன்றும் எங்கள் ஊர்க் கல்லறைக் கற்களில்கூட இருக்கின்றன. புதியது விசுவாசத்தின் இடத்தில் நம்பிக்கையை வைத்துவிட்டதால், பழைய நம்பிக்கைக்கு 'எதிர்நோக்கு' என்று ஒரு புதுச்சொல்லைத் தேட வேண்டியதாயிற்று. பிழையான சொல் அன்று. ஆனால் பேருந்துக்கு எதிர்நோக்கி நிற்பது போல இருக்கிறது. 'நாளைக்கு மழை வரும் என்று நம்பிக்கை' என்று சாதாரணமாகப் பேசும் மொழியில், ஒரு மனிதனின் முழு வாழ்வையும் ஒப்படைப்பதற்கு அதே சொல்லைக் கொடுக்கும்போது அதன் எடை குறைகிறது. 'நம்பிக்கையினால் மட்டுமா?' என்ற ஐந்நூறு ஆண்டுச் சண்டையின் சூடு, இந்தச் சொல்லில் ஆறிப்போகிறது.

அந்தச் சண்டையின் நடுவே இருக்கும் வசனம், மனிதன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகள் இல்லாமல் விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுகிறான் என்னும் ரோமர் 3:28. புராட்டஸ்டண்டுச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் 1522-இல் தம் ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், கிரேக்கத்தில் இல்லாத 'மட்டும்' என்ற சொல்லை இங்கே சேர்த்தார். எதிரிகள் கூச்சலிட்டபோது, ஜெர்மன் மொழியின் இயல்பு அதைக் கேட்கிறது என்று 1530-இல் பதில் எழுதினார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் 'விசுவாசத்தினாலேயே' என்று இருக்கிறது. ஜெர்மனிக்கு ஒரு சொல் வேண்டியிருந்த வேலையை, தமிழ் ஒரு பிரிநிலை ஏகாரத்தைக் கொண்டு சத்தமில்லாமல் முடித்துவிட்டது; இங்கே யாரும் கூச்சலிடவும் இல்லை. ஆனால் யாக்கோபு 2:24-க்குப் போனால், 'விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்' என்று அதே பழைய மொழிபெயர்ப்பே எதிர்முனையில் நிற்கிறது. புதிய ஏற்பாட்டில் 'விசுவாசம்', 'மட்டும்' ஆகிய இரண்டு சொற்களும் அடுத்தடுத்து வரும் ஒரே இடம் அதுதான், அதுவும் எதிர்மறையில் என்பதை என் மனைவி ஒருநாள் சொன்னபோது நான் பேச்சில்லாமல் இருந்தேன்.

இவ்விரு வசனங்களிலும் வரும் வினைச்சொல்லில்தான் இந்த மொழிபெயர்ப்பு எனக்கு மிகப் பெரிய வியப்பைத் தந்தது. பழையது 'நீதிமானாக்கப்படுகிறான்' என்கிறது. புதியது கடவுளுக்கு 'ஏற்புடையவர்' ஆவதைச் சொல்லுகிறது. புராட்டஸ்டண்டுக் கோட்பாட்டின்படி, கடவுள் பாவியை நீதிமான் என்று அறிவிக்கிறார். அந்தக் கணத்தில் அவன் உள்ளபடி மாறிவிட்டான் என்பதல்ல, கிறிஸ்துவின் நீதி அவன் கணக்கில் எழுதப்படுகிறது என்பதே பொருள். அருள் மனிதனுக்குள் பாய்ந்து அவனை உண்மையாகவே நீதிமானாக மாற்றுகிறது என்பது கத்தோலிக்க நிலை. லூதருக்குப் பதிலாகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் 1547-இல் அப்படித்தான் தீர்மானித்தது. இப்போது தமிழைப் பாருங்கள். 'ஆக்கப்படுதல்' என்பது மாற்றப்படுதலைச் சொல்லுகிறது. 'ஏற்புடையவராதல்' என்பது ஏற்றுக்கொள்ளப்படுதலைச் சொல்லுகிறது. நூற்றைம்பது ஆண்டுகளாகப் புராட்டஸ்டண்டு வீடுகளில் வாசிக்கப்பட்ட சொல் கத்தோலிக்கப் பொருளுக்கு அருகில் இருக்கிறது. கத்தோலிக்கரும் சேர்ந்து தேர்ந்த சொல் புராட்டஸ்டண்டுப் பொருளுக்கு அருகில் இருக்கிறது! குழுவில் இருந்தவர்கள் இதைத் தெரிந்து செய்தார்களோ, தமிழ் செய்ததோ, எங்கள் வீட்டில் இதைக் காட்டியபோது இரு தரப்பும் சற்று நேரம் தத்தம் புத்தகத்தையே சந்தேகத்தோடு பார்த்தது. இந்த மொழிபெயர்ப்பு வெளியாகி நான்கு ஆண்டுகள் கழித்து, 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதே கோட்பாட்டைப் பற்றிக் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. மெதடிஸ்டுகள் 2006-இலும், சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியம் 2017-இலும் அதில் இணைந்தன. தமிழ்நாட்டுச் சபைகளின் ஞாயிறு பிரசங்கத்தில் அந்த அறிக்கையைப் பற்றி நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

மன்னிப்பைப் பற்றிய பகுதிகளில் இன்னும் நுட்பமான ஆதாயம் கிடைக்கிறது. கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் பழையது 'மன்னிக்கிறதுபோல' என்றும் புதியது 'மன்னித்துள்ளதுபோல' என்றும் சொல்லுகின்றன. மத்தேயுவின் மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் வினை முடிந்துவிட்ட செயலாகவே இருக்கிறது; புதிய மொழிபெயர்ப்பு அதைப் பின்பற்றுகிறது. முதல் வாக்கியத்தில் நான் மன்னிக்கப் பழகிக்கொண்டிருப்பவன். இரண்டாவதில் மன்னித்து முடித்துவிட்டுத்தான் வாய் திறக்கிறேன். கடவுளின் மன்னிப்புக்கு நம் மன்னிப்பு முன்நிபந்தனையா, விளைவா என்று பிரசங்கிகள் வாதிடுவதெல்லாம் இந்த ஒரு விகுதிக்குள் அடங்கிக் கிடக்கிறது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், திருப்பலியிலும் சரி, எங்கள் ஆராதனையிலும் சரி, வாயால் சொல்லும்போது இரு தரப்பாரும் முடித்துவிட்ட செயலாக அன்றி, இப்போது செய்யும் செயலாகத்தான் சொல்லுகிறோம். கடினமான வாசகம் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது.

லூக்கா 7-ஆம் அதிகாரத்துக்காக மட்டுமே இந்தப் புத்தகத்தை வாங்கலாம் என்பேன். பரிசேயன் சீமோன் வீட்டு விருந்துக்கு வந்து, இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்த பெண்ணின் கதை அது. அவள் அன்புகூர்ந்ததால் மன்னிக்கப்பட்டாளா, மன்னிக்கப்பட்டதால் அன்புகூர்ந்தாளா என்பது இரு சபைகளுக்கும் இடையே பழைய வழக்கு. பழைய மொழிபெயர்ப்பு 'இவள் மிகவும் அன்புகூர்ந்தாளே' என்று ஓர் ஏகாரத்தில் வழக்கைத் தொங்கலில் விட்டது. அந்த ஏகாரத்தைக் காரணமாகவும் எடுக்கலாம், சான்றாகவும் எடுக்கலாம். புதியது 'ஏனெனில்' என்று காரணத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. அதற்குமுன் அதே இடத்தில் இயேசு சொல்லும் உவமையில் ஐந்நூறு வெள்ளிக்காசுக் கடனும் ஐம்பது வெள்ளிக்காசுக் கடனும் முதலில் தள்ளுபடியாகி, அன்பு பின்னால்தான் வருகிறது என்பதால், பழைய ஏகாரமே நேர்மையானது என்பது என் கருத்து. ஆனால் அதே பகுதியில் புதியது ஈடுகட்டிவிடுகிறது. பரிசேயர் மனத்துக்குள் பேசும்போது அந்தப் பெண்ணை 'இவள்' என்கிறார். இயேசு அவரிடம் பேசும்போது 'இவர்' என்கிறார். கிரேக்கத்தில் இந்த வேறுபாடு இல்லை, இருக்கவும் முடியாது; பழைய தமிழிலும் இருவருக்கும் 'இவள்'தான். பிறரைத் தீர்ப்பிடுவது என்றால் என்ன என்பதைத் தமிழின் மரியாதை விகுதி ஒன்றே காட்டிவிடும் இடம் இது. இதை முதலில் கவனித்தவர் என் மனைவி. என் தம்பியைப் பார்க்காமல்தான் அவர் அதை வாசித்தார்.

தீர்ப்பிடுதலைப் பற்றிய நேரடி வசனமான மத்தேயு 7:1-இல் இரண்டு மொழிபெயர்ப்புகளும் ஒரே காரியத்தைச் செய்திருக்கின்றன. கிரேக்கத்தில் வெறுமனே 'தீர்ப்பிடாதீர்கள்' என்றுதான் இருக்கிறது. தமிழில் இரண்டுமே 'குற்றவாளிகள்' என்ற சொல்லைச் சேர்த்திருக்கின்றன. ஆகவே தடுக்கப்பட்டிருப்பது ஆராய்வது அன்று, குற்றவாளி என்று முத்திரை குத்துவது என்று தமிழ் வாசகன் புரிந்துகொள்கிறான். யோவான் 7:24-இல் நீதியின்படி தீர்ப்புச் செய்யுங்கள் என்றும் இயேசு சொல்லுவதால் இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தப்பித்துக்கொள்ளும் சந்து ஒன்றும் திறக்கிறது. தான் அம்மாவைக் குற்றவாளி என்று சொல்லவில்லை, கேள்விதான் கேட்டதாகத் தம்பி இந்தச் சந்தின் வழியாகவே வெளியேறினான். அதற்கு இரண்டு வசனம் தள்ளி வரும் 'உத்திரம்' என்ற பழைய சொல்லைப் புதியது 'மரக்கட்டை' ஆக்கியது எனக்குச் சற்று வருத்தம். வீட்டுக் கூரையைத் தாங்கும் உத்திரம் கண்ணுக்குள் கிடக்கிறது என்பதில் உள்ள நகைச்சுவை, மரக்கட்டையில் இல்லை.

எந்த மொழிபெயர்ப்பும் தீர்க்க முடியாத வழக்குகளும் இருக்கின்றன என்பதை வாங்குபவர்கள் அறிந்திருக்க வேண்டும். யோவான் 20:23-இல் சீடர்களுக்குப் பாவங்களை மன்னிக்கும் அதிகாரம் கொடுக்கப்படுவதாக இரண்டு புத்தகங்களும் ஏறத்தாழ ஒன்றாகவே சொல்லுகின்றன; அதிலிருந்து குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் பிறக்கிறதா, நற்செய்தியை அறிவிக்கும் பொறுப்பு மட்டும் பிறக்கிறதா என்பதைச் சபைதான் சொல்லுகிறது, சொல் அன்று. ஒருமுறை பெற்ற இரட்சிப்பை இழக்க முடியுமா என்ற கேள்வியும் அப்படியே. என் கையிலிருந்து ஒருவனும் பறித்துக்கொள்வதில்லை என்ற யோவான் 10-ஐ ஒருவர் காட்டினால், மறுதலித்துப்போனவர்களைப் பற்றிய எபிரெயர் 6-ஐ மற்றவர் காட்டுவார். 1618, 1619 ஆண்டுகளில் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய புராட்டஸ்டண்டுச் சங்கம் தீர்ப்பு எழுதிய பிறகும் புராட்டஸ்டண்டுகளுக்குள்ளேயே அது ஓயவில்லை. எங்கள் வீட்டுத் தேநீர் மேசையில் ஓயும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

முப்பதாம் நாள் திருப்பலிக்கான வழக்கோ சொல்லைப் பற்றியதே அன்று, பக்கங்களைப் பற்றியது. இறந்த வீரர்களின் பாவத்துக்காக யூதா மக்கபே பணம் திரட்டி எருசலேமுக்குப் பலி செலுத்த அனுப்பியது 2 மக்கபேயர் 12-இல் இருக்கிறது. அந்த நூல் என் சித்தியின் வேதாகமத்தில் கிடையாது. அது வேதத்தில் இல்லை என்று அவர் சொன்னது அவர் புத்தகத்தைப் பொறுத்தவரை உண்மை. வேதாகமம் புராட்டஸ்டண்டுகள் சொல்லும் 66 நூல்களா, கத்தோலிக்கர் சொல்லும் 73 நூல்களா என்பதில் லூதர் 1534-இல் அந்த நூல்களை இரு ஏற்பாடுகளுக்கும் இடையே தனியாக ஒதுக்கி வைத்தார். திரெந்து சங்கம் 1546-இல் அவை முழு வேதமே என்றது. பொது மொழிபெயர்ப்பு அவற்றை 'இணைத் திருமுறை நூல்கள்' என்று பெயரிட்டுத் தனிப் பகுதியாகத் தந்திருக்கிறது. சித்திக்கு அந்த அதிகாரத்தை வாசித்துக் காட்டினேன். கதை நன்றாக இருக்கிறது, ஆனால் வேதம் அன்று என்றார். திருப்பலி நடந்தது, சித்தி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார், தம்பி வரவில்லை.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? வசனங்களை மனப்பாடமாகச் சொல்லி வளர்ந்த பெரியவர்களுக்கு இதை மட்டும் வாங்கிக் கொடுக்க வேண்டாம். அறுபது ஆண்டு நாக்கில் ஊறிய வசனத்தை எழுபது வயதில் மாற்றச் சொல்லுவது கொடுமை, மேலும் ஓசையில் பழையதற்கு இது நிகரன்று. வேதாகமத்தை முதல்முறையாக வாசிக்கும் இளையவர்களுக்கும், கலப்பு மணம் செய்துகொண்ட வீடுகளுக்கும், பிரசங்கம் ஆயத்தம் செய்பவர்களுக்கும் இது அவசியம், அதுவும் பழையதைத் தூக்கிப் போடாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு. வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். இணைத் திருமுறை சேர்ந்த பதிப்பும் சேராத பதிப்பும் கடைகளில் கிடைக்கின்றன. அட்டையைப் பார்த்து முடிவு செய்யாமல், உள்ளடக்கப் பக்கத்தைத் திறந்து தோபித்து என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். முதல் தடவை நான் அதைப் பார்க்காமல் வாங்கி, மறுநாள் மாற்றுவதற்காக மறுபடியும் பேருந்து ஏறினேன்.